சிறையிலிருந்து வந்த தந்தி

விக்கிரமங்கலத்தில் நம்மிடம் படித்துவிட்டு, இப்பொழுது செக் தேசத்தின் தலைநகரமாகிய பிராகில் உத்தியோகம் பார்க்கும் பழைய மாணாக்கர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் தினந்தோறும் வேலைக்குப் போகிற வழியில் 'ஜன மாளிகை' என்று பொருள்படும் பெயர் கொண்ட பழைய கட்டிடம் ஒன்று இருக்கிறதாம். "ஐயா, இது ஒரு கட்சியின் வீடு. 1878-ஆம் வருஷத்தில் பிறந்த கட்சி. பிரதம மந்திரிகளை வரிசையாகக் கொடுத்த கட்சி. 2021-ஆம் வருஷத் தேர்தலில் அதற்குப் பார்லிமெண்டில் ஓர் ஆசனங்கூடக் கிடைக்கவில்லை. ஒரு கட்சி எப்படி ஐயா செத்துப்போகிறது?" என்று கேட்டிருக்கிறார். சரித்திர வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து சுகமாக உறங்கியவர்தான் இந்த நண்பர். இப்போதாவது கேள்வி கேட்கத் தோன்றியதே என்று சந்தோஷப்பட்டோம்.

அந்த மாளிகையின் கதை விசித்திரமானது. 1912-இல் லெனின் தம்முடைய கட்சி மகாநாட்டை ரகசியமாக அங்கேதான் கூட்டினார். இடம் கொடுத்தவர்கள் செக் நாட்டுச் சமூக ஜனநாயகக் கட்சியார். 1948-இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியதும், அந்தக் கட்சியைத் தங்கள் கட்சியோடு பலவந்தமாகச் சேர்த்துக்கொண்டார்கள். மாளிகையை லெனின் காட்சிசாலை ஆக்கிவிட்டார்கள். திண்ணையில் ஒதுங்க இடம் கொடுத்தவன் வீட்டையே இழந்த கதைதான்!

1989-இல் கம்யூனிஸ்டு ஆட்சி வீழ்ந்தது; கட்சி மறுபடியும் உயிர் பெற்றது. 1998-இல் ஆட்சிக்கும் வந்தது. தொழிலாளிக்கும் ஓய்வூதியக்காரருக்கும் நியாயம் செய்வோம், ஆனால் அதை வாக்குச் சீட்டினால் செய்வோம் என்பது அதன் கொள்கை. அந்தக் கொள்கையில் குற்றம் இல்லை. தவறு நேர்ந்த இடம் வேறு. பாபிஷ் என்ற கோடீசுவரர் ஒருவர் அக்கட்சியின் மந்திரிசபையில் நிதி மந்திரியாக இருந்தார். அவருடைய பண விவகாரங்கள் சந்தேகத்துக்கு இடமானவை என்று சொல்லி, 2017-இல் அவரை வெளியேறும்படி செய்தார்கள். அடுத்த வருஷமே, அதே பாபிஷ் பிரதம மந்திரியானபோது, அவருக்குக் கீழே மந்திரிகளாகப் போய் அமர்ந்தார்கள்! அந்த மந்திரிசபையைச் சபையிலே தாங்கி நின்றவர்கள் யார் தெரியுமோ? கம்யூனிஸ்டுகள். அடுத்த தேர்தலில் நூற்றுக்கு ஐந்து வாக்குக்கூடக் கிடைக்கவில்லை. 2025-இல் கம்யூனிஸ்டுகள் முன்னின்ற அணியின் பட்டியலிலேயே இடம் தேடினார்கள். அந்த அணிக்கும் ஆசனம் கிடைக்கவில்லை.

இதற்குமேல் நம் நண்பருக்குப் பிராகைப் பற்றிச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடி அவ்வளவு தூரம் போகவேண்டியதே இல்லை. நாகர்கோவிலுக்கு அப்பால் மார்த்தாண்டம் வரையில் போனால் போதும்.

நம் தேசத்திலும் இத்தகைய கட்சி ஒன்று இருந்தது. 1934-இல் காங்கிரசுக்குள்ளேயே ஆசாரிய நரேந்திர தேவர், ஜயப்பிரகாச நாராயணர் முதலியவர்கள் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியை ஆரம்பித்தார்கள். 1948-இல் காங்கிரசை விட்டுப் பிரிந்தார்கள். 1952-ஆம் வருஷப் பொதுத் தேர்தலுக்குப் பிறகு, ஆசாரிய கிருபளானியின் கட்சியோடு சேர்ந்து பிரஜா சோஷலிஸ்ட் கட்சி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தத் தேர்தலில் இரு கட்சிகளுக்கும் விழுந்த வாக்குகளைக் கூட்டினால் நூற்றுக்குப் பதினாறு தேறும். காங்கிரசுக்கு அடுத்தபடி நாளைய சர்க்கார் இவர்களுடையதுதான் என்று படித்தவர்கள் பலர் நம்பினார்கள். எம் பாட்டனாரும் அப்படி நம்பியவர்களில் ஒருவர். மரணம் வரையில் அந்த நம்பிக்கையை அவர் விடவில்லை. அது வேறு விஷயம்.

1954-இல் அக்கட்சிக்கு முதன்முதலாக ஒரு ராஜ்யத்தின் ஆட்சி கிடைத்தது. திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டசபையில் அதற்கு 19 ஆசனங்கள், காங்கிரசுக்கோ 45. ஆயினும் காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு தர, சிறிய கட்சி மந்திரிசபை அமைத்தது. முதன் மந்திரியானவர் பட்டம் தாணுப் பிள்ளை. அவர் சாமானியர் அல்லர். சுதேச சமஸ்தானத்தில் பொறுப்பாட்சிக்காகப் போராடியவர். 1948-இலேயே திருவிதாங்கூரின் பிரதம மந்திரியாக இருந்தவர். அவரைக் கொடுங்கோலர் என்று எழுதுவது நமக்குச் சுலபம். ஆனால் அது உண்மையாகாது.

அதே காலத்தில் அந்த ராஜ்யத்தின் தமிழர்கள், தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு முதலிய தாலுக்காக்களையும், மலைமேல் தேவிகுளம், பீர்மேட்டையும் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று கிளர்ச்சி செய்துவந்தார்கள். அவர்களுடைய ஸ்தாபனம் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். தலைவர்களில் முதன்மையானவர் நேசமணி. தேயிலைத் தோட்டக் கூலிகளும், பனையேறும் ஏழைகளும், சிறு குடியானவர்களும் அக்கிளர்ச்சியில் திரண்டு நின்றார்கள். சமதர்மக் கட்சி ஒன்று யாருக்காகப் பிறந்ததோ, அந்த ஜனங்களேதான் இவர்கள் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

1954 ஆகஸ்டு 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலம் வந்த கூட்டத்தின்மீது போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார்கள். பலர் உயிரிழந்தார்கள். இறந்தவர் தொகையில் சர்க்கார் கணக்கும் ஜனங்களின் கணக்கும் ஒத்துவரவில்லை.

அப்போது பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுக் காரியதரிசி டாக்டர் ராம் மனோஹர் லோஹியா. அவர் எங்கே இருந்தார்? அலகாபாத்தை அடுத்த நைனி சிறையில் இருந்தார்! உத்தரப் பிரதேசத்துக் காங்கிரஸ் சர்க்கார் பாசன வரியை உயர்த்தியதை எதிர்த்து, அந்த வரியைக் கொடுக்காதீர்கள் என்று குடியானவர்களிடம் பேசியதுதான் அவர் செய்த குற்றம். செய்தி சிறைக்குள் எட்டியதும், தம்முடைய கட்சியின் ஒரே முதன் மந்திரிக்கு அவர் தந்தி அடித்தார். துப்பாக்கிப் பிரயோகத்தைப் பற்றி விசாரணை நடத்தவேண்டும். மந்திரிசபை ராஜிநாமா செய்யவேண்டும் என்பதே அதன் சாரம்.

தந்தி அடித்தவர் அந்நிய சர்க்காரின் துப்பாக்கியைக் கண்டவர். சுதந்திர தேசத்திலே ஆயுதமில்லாத ஜனங்களைச் சுடுவது எந்தச் சர்க்காருக்கும் தகாது என்று காங்கிரஸ் மந்திரிகளைப் பார்த்து ஓயாமல் சொல்லிவந்தவர். அதே வார்த்தையை இப்போது சொந்த மந்திரியிடம் சொன்னார். பட்டம் தாணுப் பிள்ளை ராஜிநாமா செய்யவில்லை.

கட்சியின் மற்றப் பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? அவர்கள் வாதத்தையும் உள்ளபடி சொல்வது நியாயம். அமைதியைக் காப்பது எந்த மந்திரிசபைக்கும் கடமை. கூட்டம் எல்லை மீறினால் போலீசார் கைகட்டி நிற்க முடியுமா? தேசம் முழுவதிலும் கட்சிக்கு உள்ள ஒரே மந்திரிசபை இது. இதையும் நாமே கலைத்துவிட்டால், இவர்களுக்கு ஆளத் தெரியாது என்று உலகம் சிரிக்காதா? சிறையில் இருப்பவர் தந்தி அடிப்பது சுலபம், செயலாளர் அறையில் கோப்பைப் பார்ப்பவருக்கல்லவா கஷ்டம் தெரியும்? இவையெல்லாம் வெறும் சமாதானங்கள் அல்ல. நாமே அந்தக் குழுவில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் கையைத் தூக்கியிருப்போமோ, நிச்சயமாகச் சொல்ல நமக்குத் துணிவு இல்லை.

லோஹியா பொதுக் காரியதரிசி பதவியை விட்டார். அவ்வருஷம் நவம்பரில் நாகபுரியில் கூடிய கட்சி மகாநாடும் மந்திரிசபையின் பக்கமே நின்றது. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய மந்திரிசபை எத்தனை நாள் இருந்தது? 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது, மந்திரிசபை கவிழ்ந்தது. பதவியேற்று ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அதே ஆண்டில் லோஹியாவைக் கட்சி விலக்கி வைத்தது. அவர் ஆண்டு முடிவில் ஹைதராபாத்தில் தனிக் கட்சி ஆரம்பித்தார். அவருக்கும் முன்கோபமும் பிடிவாதமும் அதிகம்தான். பிளவு முழுவதற்கும் மார்த்தாண்டமே காரணம் என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் பிளந்த கட்சி பிறகு நிமிரவேயில்லை. 1971-ஆம் வருஷத் தேர்தலில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு வாக்குத்தான் கிடைத்தது.

சென்ற வாரம் இந்தக் கதையைப் பத்தாம் வகுப்பில் சொல்லி, "முதன் மந்திரி ராஜிநாமா செய்திருக்க வேண்டுமா?" என்று கேட்டோம். வேண்டாம் என்றவர்களே அதிகம். ஒரு சிறுமி எழுந்து, "அவர் ராஜிநாமா செய்தால் செத்தவங்க திரும்பி வருவாங்களா, ஐயா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷம் உபாத்திமைத் தொழில் பார்த்த நாவும் சற்று நேரம் எழவில்லை.

பிறகு அவளுக்கு நம்முடைய பக்கத்து ஊர்ச் சம்பவத்தைச் சொன்னோம். 1956 நவம்பர் முதல் தேதி தோவாளை முதல் விளவங்கோடு வரையிலான நான்கு தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன; கன்னியாகுமரி ஜில்லா பிறந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. மூன்று வாரம் கழிந்து, நவம்பர் 23-ஆம் தேதி விடியுமுன், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பழுதுபட்டுத் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த மழையைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் நம் ஊரில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி டில்லியில் இருந்தார். பாலத்தைக் கட்டியவர் அவர் அல்லர். வண்டியை ஓட்டியவரும் அல்லர். சில மாதங்களுக்கு முன் மஹபூப்நகரில் நேர்ந்த விபத்துக்காகவே ராஜிநாமா கொடுத்து, நேரு அதை ஏற்க மறுத்திருந்தார். இப்போது மறுபடியும் கொடுத்தார், நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதற்காக அல்ல, இப்படி ஒரு முறைமை நிலைக்கவேண்டும் என்பதற்காகவே ஏற்பதாக நேரு பார்லிமெண்டில் விளக்கினார்.

"செத்தவர்கள் திரும்பவில்லை, அம்மா. ஆனால் மருதையாற்றங்கரையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், டில்லியில் ஒருவர் தங்களுக்காகத் தலை குனிந்தார் என்று கேள்விப்பட்டார்கள். மார்த்தாண்டத்தில் பறிகொடுத்தவர்கள் அதைக் கேள்விப்படவில்லை" என்றோம். சிறுமி உட்கார்ந்துகொண்டாள். சமாதானம் அடைந்தாளா என்று தெரியவில்லை, மணி அடித்துவிட்டது.

பிராக் நண்பருக்கு இவ்வளவையும் எழுதி அனுப்பியிருக்கிறோம். கடைசியில் ஒரு வரி சேர்த்தோம். சாஸ்திரி 1964-இல் இந்தியாவின் பிரதம மந்திரியானார். அப்போது லோக சபையில் அவருக்கு எதிர்வரிசையில், முந்தின வருஷம் பரூக்காபாத் உபதேர்தலில் ஜயித்து வந்த லோஹியா உட்கார்ந்திருந்தார். தமக்கு முன்னால் இருக்கும் இந்த மனிதரை அவர் கொஞ்சமும் விட்டுவைக்கவில்லை. முந்தின பிரதமரைத் தாக்கியதுபோலவே இவரையும் தாக்கினார்.