ஆளுக்கொரு டம்ளர் டிரமிசு

மயிலாப்பூரில் காபிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடையைத் தாண்டி நடந்தால், வாசனை அடுத்த தெருமுனை வரை கூடவே வரும். எண்பதுக்கு இருபது, பீபரி கொஞ்சம் தூக்கலாக, ரொம்ப நைஸாக வேண்டாம் என்று நின்று சொல்லி வாங்கிப் போகிற ஊர் இது. அதே ஊரில் டிரமிசு செய்ய உட்காருகிறவர்கள், செய்முறையில் எஸ்பிரெஸ்ஸோ என்று பார்த்ததும், அந்த மெஷின் நம்மிடம் இல்லையே என்று இன்ஸ்டன்ட் தூளை வெந்நீரில் கரைத்துக்கொள்கிறார்கள். அலமாரியைத் திறந்தால் பித்தளை ஃபில்டர் இருக்கிறது. இத்தாலியின் இந்தக் காபி இனிப்புக்கு வேண்டிய முக்கியமான சரக்கு சென்னைக்காரர்கள் கையில்தான் இருக்கிறது என்பதை உரக்கச் சொல்லவேண்டிய நேரம் இது.

பெயர்தான் வெளியூர், வேலை எளிது. காபியில் நனைத்த பிஸ்கட் ஒரு அடுக்கு. மஸ்கர்போனே என்கிற கெட்டிப் பாலேட்டுச் சீஸைச் சர்க்கரையோடு அடித்த கிரீம் ஒரு அடுக்கு. மறுபடி அதே வரிசை, கடைசியில் மேலே கோகோத் தூள். ஆறு மணி நேரம் ஃபிரிட்ஜில் இருந்தால் இனிப்பு தயார். கேஸ் அடுப்பு, குக்கர், மிக்ஸி, ஃபிரிட்ஜ் எல்லாம் இருந்தும் ஓவன் இல்லாத சமையலறைகளுக்குக் கேக்கைவிட இதுதான் தோது. அதையும் பெரிய தட்டில் பரப்பிக் கரண்டியால் வெட்டி எடுப்பதைவிட, ஆளுக்கொரு டம்ளரில் செய்வதே நம் வீடுகளுக்குச் சரிப்பட்டு வரும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பாட்டி முட்டை தொடமாட்டார். தாத்தாவுக்குச் சர்க்கரை. மகனுக்கும் மருமகளுக்கும் எல்லாம் ஆகும். எட்டு வயதுப் பேத்திக்கு ராத்திரியில் காபி கொடுத்தால் தூக்கம் போய்விடும். ஒரே தட்டில் செய்தால் இவர்களில் பாதிப் பேர் மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். டம்ளர் டம்ளராகச் செய்தால் பாட்டியுடையதில் முட்டையில்லா ரஸ்க். தாத்தாவுடையதில் சர்க்கரை குறைவு, அளவும் பாதி. பேத்தியுடையதில் காபிக்குப் பதில் கோகோ கரைத்த பால். எச்சில் பார்க்கிற வீட்டில் பொதுத் தட்டுக்குள் ஸ்பூன் விடுகிற சங்கடமும் இல்லை.

இத்தாலியிலேயே கிண்ணத்துக்கு ஒரு பழைய உரிமை உண்டு. வடகிழக்கில் உள்ள திரெவிசோ நகரத்தின் லெ பெக்கெரியே உணவகம் 1972-இல் டிரமிசுவை மெனுவில் சேர்த்தது. உரிமையாளர் குடும்பத்து ஆல்பா கம்பேயோலும் அங்கே இனிப்புகள் செய்துவந்த ரொபெர்தோ லிங்குவானோத்தோவும் உருவாக்கியது என்பது அந்த ஊரின் வாதம். 2010-இல் அந்தச் செய்முறையை நோட்டரி முன்னால் பதிவே செய்துவைத்தார்கள். பக்கத்து மாநிலமான ஃபிரியூலி விடவில்லை. பியெரிஸ் என்ற சிற்றூரில் வெத்துரினோ உணவகம் இதே பெயரில் ஓர் இனிப்பைக் கோப்பையில் வைத்துக் கொடுத்துவந்தது, அதுதான் மூத்தது என்றார்கள். 2017-இல் இத்தாலிய வேளாண் அமைச்சகம் டிரமிசுவை ஃபிரியூலியின் பாரம்பரிய உணவுப் பட்டியலில் சேர்த்தபோது திரெவிசோக்காரர்கள் கொதித்துப்போனார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

திரெவிசோ செய்முறையில் மது கிடையாது. குழந்தைகளும் முதியவர்களும் சாப்பிடுகிற இனிப்பு அது. ரம் ஊற்றாவிட்டால் அசல் இல்லை என்று இங்கே யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் முட்டை உண்டு, அதுவும் பச்சை மஞ்சள் கரு. அந்தப் பகுதியில் முட்டைக் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தெம்புக்காகக் கொடுப்பது வழக்கம். தனக்குப் பிரசவமான சமயத்தில் அப்படி வந்த பண்டத்திலிருந்தே இந்த யோசனை பிறந்ததாக ஆல்பாவின் குடும்பம் சொல்லிவந்திருக்கிறது.

சென்னையில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பச்சை முட்டையில் தயாரிக்கும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. சால்மோனெல்லா, ஈ.கோலை, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் அதன் வழியே பரவும் ஆபத்தைக் காரணமாகக் காட்டியது. கேரளம் 2023-லும் தெலங்கானா 2024-லும் இதே முடிவை எடுத்திருந்தன. ஆணை மயோனைஸைப் பற்றியது. டிரமிசுவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கிருமிக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஷவர்மாவோடு வரும் மயோனைஸாவது செய்த அன்றே காலியாகும். டிரமிசுவை முதல் நாள் ராத்திரி செய்து மறுநாள் மாலை வரை வைத்திருந்து சாப்பிடுகிறோம். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, விற்பனைக்குச் செய்கிறவர்கள் பச்சை முட்டையை அறவே விட்டுவிடுவதுதான் நியாயம். முட்டை வேண்டும் என்கிறவர்கள், கருவையும் சர்க்கரையையும் ஒரு பாத்திரத்தில் எடுத்து, கொதிக்கும் நீரின் ஆவிமேல் வைத்துக் கைவிடாமல் அடிக்கட்டும். 71 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் சால்மோனெல்லா பிழைக்காது. சமையல் தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்கக்கூடாது.

முட்டையே இல்லாமலும் நன்றாக வரும். இறக்குமதி மஸ்கர்போனே கால் கிலோ டப்பா சில நூறு ரூபாய் ஆகிறது. அதை வீட்டிலேயே செய்துவிடலாம். கடையில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃபிரெஷ் கிரீமை அரை லிட்டர் எடுத்து, அடிபிடிக்காமல் சுடவைத்து, ஓரத்தில் குமிழி கட்டும்போது ஒரு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட வேண்டும். திரியாது, கரண்டியின் முதுகில் ஒட்டும் அளவுக்குக் கெட்டியாகும். ஆறவிட்டு, சுத்தமான மல்துணியில் ஊற்றி, வடிகட்டிமேல் வைத்து, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் விட்டால் நீர் இறங்கிவிடும். லொம்பார்தியில் மஸ்கர்போனே செய்யும் முறையும் அடிப்படையில் இதுதான்: கிரீம், சூடு, புளிப்பு, துணி. புளிக்காத தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, அதில் ஒரு பங்கு சேர்த்துக்கொண்டால் செலவும் குறையும், திகட்டவும் திகட்டாது. மிக்ஸியில் மட்டும் போட வேண்டாம். நாலு சுற்றில் வெண்ணெய் திரண்டுவிடும். கைவிஸ்க் போதும், மத்து இருந்தால் அதுவும் போதும்.

பேக்கிங் சாமான் கடைகளில் விற்கும் விப் டாப்பிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. லேபிளில் நான்-டெய்ரி என்று போட்டிருந்தால் அதில் இருப்பது பாலேடு கிடையாது; பெரும்பாலும் கெட்டியாக்கப்பட்ட தாவர எண்ணெய். சென்னை வெயிலில் உருகாமல் நிற்கும் என்பதுதான் அதன் ஒரே தகுதி. இந்த இனிப்பில் காபியும் பாலும்தான் நாக்குக்குத் தெரிய வேண்டும். அண்ணத்தில் மெழுகுபோல ஒட்டும் கொழுப்பு இரண்டையும் மறைத்துவிடும்.

இனி காபி. ஆறு சின்ன டம்ளருக்கு முதல் டிகாக்‌ஷன் 150 மில்லி போதும். ஃபில்டரின் மேல் அடுக்கில் நாலு மேஜைக்கரண்டி தூளைப் போட்டு, லேசாகத் தட்டி, கொதிநீரை வட்டமாக ஊற்றி மூடிவைத்தால் அரை மணிக்குள் சொட்டு சொட்டாக இறங்கிவிடும். இரண்டாம் டிகாக்‌ஷன் இதற்கு ஆகாது. கள்ளிச்சொட்டாக இருந்தால்தான் கிரீமின் கொழுப்பைத் தாண்டி வாசனை எழும். சிக்கரியின் அளவையும் பார்க்க வேண்டும். காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது பாதிக்குச் சற்றே குறைவாகச் சிக்கரி இருந்தாலும் சட்டப்படி சரிதான். அப்படிப்பட்ட தூள் டிகாக்‌ஷனுக்குக் கறுப்பும் கெட்டியும் கொடுக்கும், ஆனால் கசப்பு கோகோவின் கசப்போடு சேர்ந்து ஓங்கிவிடும். தனிக் காபித்தூள், மிஞ்சினால் எண்பதுக்கு இருபது. ஏற்காட்டுக் கொட்டையோ பழனி மலைக் கொட்டையோ கிடைத்தால் இன்னும் நல்லது.

டிகாக்‌ஷனை முழுக்க ஆறவிட வேண்டும். சூடாக இருந்தால் ரஸ்க் கரைந்து கூழாகும். இத்தாலிய லேடிஃபிங்கர் பிஸ்கட்டில் முட்டை இருப்பதால், இங்கே விற்கும் பாக்கெட்டில் பழுப்பு நிறத்து அசைவக் குறி இருக்கும். அதற்கு மாற்றாக ஏலக்காய் போடாத முட்டையில்லா பால் ரஸ்க்கே போதும். தினம் காபியில் தோய்த்துச் சாப்பிடுகிற அதே ரஸ்க். டம்ளர் வாய்க்கு ஏற்ப உடைத்து, ஒரு துண்டை டிகாக்‌ஷனில் போட்டு, ஒன்று இரண்டு என்று எண்ணி உடனே எடுக்க வேண்டும். உடைத்துப் பார்த்தால் வெளிப்புறம் கறுத்து, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு காய்ந்தபடி நிற்க வேண்டும். அந்தக் கோட்டை கிரீமின் ஈரம் ராத்திரியில் நனைத்துக்கொள்ளும். எடுக்கும்போதே முழுக்க ஊறியிருந்தால், காலையில் டம்ளரின் அடியில் காபித் தண்ணீர் தேங்கி நிற்கும். மாரி பிஸ்கட் இன்னும் வேகமாக ஊறும். தொட்டு எடுத்தாலே போதும்.

பாத்திரத்துக்கும் அலைய வேண்டாம். கண்ணாடி டம்ளரில் அடுக்குகள் வெளியே தெரியும்; விருந்துக்கு அது அழகு. வீட்டுக்கு எவர்சில்வர் டபரா போதும். வாய் அகலம், ஆழம் குறைவு, சீக்கிரம் சில்லிடும், ஒவ்வொரு ஸ்பூனிலும் ரஸ்க்கும் கிரீமும் சேர்ந்தே வரும். தி.நகர் பாத்திரக் கடைகளில் மூடியோடு சின்னக் கிண்ணங்களும் கிடைக்கின்றன. மூடியை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஃபிரிட்ஜில் இட்லி மாவு பொங்கிக்கொண்டிருக்கும், நேற்றைய சாம்பார் இருக்கும், மேல்தட்டில் மல்லிகைப்பூப் பொட்டலம் இருக்கும். கிரீம் இத்தனை வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மூடாமல் வைத்த டிரமிசுவில் மறுநாள் பூவும் பூண்டும் மணக்கும்.

கோகோத் தூளைப் பரிமாறுகிற நேரத்தில் தூவினால் போதும், முன்பே தூவினால் ஈரமாகிவிடும். இனிப்பில்லாத தூளாக இருக்க வேண்டும். குழந்தைகள் பாலில் கலக்கும் சாக்லேட் பவுடர் வேண்டாம். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. காபி மலையிலிருந்து, கோகோ அதன் அடிவாரத்திலிருந்து, பால் ஊர்ப் பசுவிலிருந்து என்று வரும்போது இதை அந்நியப் பண்டம் என்று ஒதுக்க என்ன இருக்கிறது?

ரஸ்க்கும் அடுக்கும் சிரமம் என்றால் இன்னொன்று உண்டு: காபி பன்னா கோத்தா. பாலேடும் பாலும் சர்க்கரையும் சுடவைத்து, டிகாக்‌ஷன் கலந்து, கிண்ணத்தில் உறையவிடுகிற இனிப்பு. இத்தாலியில் உறைய வைப்பது ஜெலட்டின். அது விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது, சைவக்காரர்களுக்கு ஆகாது. அதோடு உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும் பொருள் அது, மே மாதத்து அடையாறில் மேஜைக்கு வருவதற்குள் தளர்ந்துவிடும். நமக்குக் கடல்பாசி இருக்கிறது. ரமலான் நோன்பு திறக்கும் நேரத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் தட்டுத் தட்டாக உறையும் அதே கடல்பாசி. மன்னார் வளைகுடாவில் பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் முங்கிப் பாறைகளிலிருந்து பறிக்கும் பாசியிலிருந்தும் இது தயாராகிறது. ஒருமுறை உறைந்துவிட்டால் ஏறக்குறைய 85 டிகிரி வரை உருகாது. அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி தூள் போதும். தண்ணீரில் தனியாக இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, பிறகு வெதுவெதுப்பான கிரீமில் கலக்க வேண்டும். குளிர்ந்த கிரீமில் ஊற்றினால் கட்டி கட்டியாகிவிடும். ஜெலட்டினின் குழைவு இதில் வராது என்பது உண்மை. அளவைக் கூட்டாமல் இருந்தால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைப் பாதுகாக்க மெரினாவில் ஐஸ் ஹவுஸ் கட்டிய ஊர் இது. இன்று அது விவேகானந்தர் இல்லம். குளிர்ச்சிக்கு இங்கே எப்போதுமே மெனக்கெட்டாக வேண்டும். இந்த இனிப்புகளை 5 டிகிரிக்குக் கீழே வைத்து, சாப்பிட உட்காரும்போது மட்டும் வெளியே எடுத்து, இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

இவற்றை வீட்டிலிருந்து செய்து விற்கிறவர்கள் அடையாறிலும் பெசன்ட் நகரிலும் நிறைய இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள், உழைப்பு அசலானது, கைப்பக்குவமும் அசலானது. சிறு அளவில் விற்றாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதற்குமேல் வாங்குகிறவர்களும் ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டும். ஒவ்வொரு கிண்ணத்து மூடியிலும் முட்டை உண்டா, இருந்தால் வேகவைத்ததா, ஜெலட்டினா கடல்பாசியா, மது சேர்ந்ததா, பாலேடா விப் டாப்பிங்கா, எந்த நாள் எத்தனை மணிக்குச் செய்தது என்று எழுதி ஒட்டட்டும். மே மாதத்து மதியம் இரண்டு மணிக்கு அடையாறிலிருந்து தி.நகருக்கு பைக்கில் அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவும் வேண்டாம், அவர்கள் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். சாயங்காலம் ஐஸ் பையோடு அனுப்பட்டும்.