ஒரு டொபி போதும்



பிறந்தநாள் அன்று பள்ளிக்கூடம் வராமல் வீட்டில் நிற்கிற பிள்ளைகள் நமது வகுப்புகளில் இருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை, மழை இல்லை, வீட்டில் விசேஷமும் இல்லை. மறுநாள் வந்த பிள்ளையிடம் "ஏன் மனே நேத்து வரல்ல?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறது: "நேத்து எனக்கு பேர்த்டே சேர். கேக் வாங்க சல்லி இல்ல. உம்மா வீட்ட நிக்கச் சொன்னா."

ஊரோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பிறந்தநாள் கொண்டாடுவது கூடுமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் நாங்கள் வரவில்லை. அது உலமாக்கள் பேச வேண்டிய விடயம். நாங்கள் பேசுவது வகுப்பறைக்குள் நடப்பதைப் பற்றி மட்டும்.

எங்கள் உம்மாமார் பிள்ளைகளின் வயதைத் திகதி வைத்து எண்ணியவர்கள் அல்லர். கிழக்கு மாகாணத்தில் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது தெரியும். பெரியவர்களைக் கேட்டால் 57ஆம் ஆண்டு வெள்ளத்துக்கு முன்னால், பின்னால் என்பார்கள். எங்கள் வீட்டில் கணக்கு 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி. மூத்தவர் சூறாவளிக்கு முந்திய நோன்பில் பிறந்தவர். அடுத்தது சூறாவளி அடிக்கும்போது வயிற்றில் இருந்த பிள்ளை. சரியான திகதி பெட்டிக்குள் மடித்து வைத்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் மட்டும்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றுதான் அந்தப் பத்திரம் வெளியே வந்தது.

அப்படிப்பட்ட வீட்டிலும் பிறந்தநாள் ஒன்று கொண்டாடினோம். நான்காம் ஆண்டு படிக்கிற காலம். எங்கள் வகுப்பு டீச்சர் இடாப்பைப் பார்த்து, "நாளைக்கு உங்கட பிறந்தநாள் எல்லா?" என்று கேட்டுவிட்டார். வீட்டில் போய்ச் சொன்னதும் வாப்பா மடியில் இருந்த சில்லறையைக் கொட்டி எண்ணி, கடையில் டொபி வாங்கித் தந்தார். மறுநாள் கழுவிக் காயவைத்த வெள்ளைச் சட்டையோடு, பழைய பால்மா டின்னில் டொபியைப் போட்டுக்கொண்டு போனோம்.

பங்கிட்டுக்கொண்டு போகையில் கடைசி வாங்குக்கு வந்ததும் நாலு டொபி குறைந்தது. முகம் சுருங்கிவிட்டது. டீச்சர் ஒன்றும் பேசவில்லை. தன் கையில் இருந்ததை முதலில் திருப்பி டின்னுக்குள் போட்டார். அதைப் பார்த்த முன்வாங்குப் பிள்ளைகள் மூவர், சட்டைத் துணிக்குள் டொபியை வைத்துக் காக்காக் கடி கடித்து, பாதியைப் பின்னால் நீட்டினார்கள். ஒரு பிள்ளைக்கும் இல்லையென்று ஆகவில்லை. பின்னேரம் உம்மா, சேர்த்து வைத்திருந்த கோழி முட்டையில் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஏலமும் போட்டு வட்டிலப்பம் அவித்தார். பக்கத்து வீடுகளுக்குச் சிறு கோப்பைகளில் கொண்டுபோய்க் கொடுத்ததும் நாங்கள்தான். "யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்ட மாமிமார் தலையைத் தடவி துஆச் செய்தார்கள். மெழுகுதிரி இல்லை, படம் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ விசேஷங்களுக்குப் போய்விட்டோம். அந்த நாளின் சந்தோசத்துக்கு ஈடாக ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

பழைய காலம் எல்லாம் நல்லது, இந்தக் காலம் கெட்டது என்று பாட்டுப் பாட இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இல்லாமையும் இருந்தது, அடியும் இருந்தது. ஆனால் அன்றைய முறையில் ஒரு நல்ல விடயம் இருந்தது. பிறந்தநாள் பிள்ளை அன்று கொடுக்கிற பிள்ளை. மற்ற நாட்களில் பின்வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் வருஷத்தில் ஒருநாள் வகுப்பு முழுவதற்கும் கொடுக்கிற கை கிடைத்தது.

இன்று பிறந்தநாள் பிள்ளை வாங்குகிற பிள்ளையாக மாறிவிட்டது. ஐசிங் கேக் வருகிறது, பலூன் வருகிறது, மற்றப் பிள்ளைகள் பரிசோடு வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் வருகிறது. யார் என்ன கொண்டுவந்தார் என்று பிள்ளைகளே கணக்கு வைக்கிறார்கள். இரவாகும்போது படங்கள் வகுப்பு வட்சப் குழுவில் விழுகின்றன. அதைப் பார்க்கிற இன்னொரு உம்மா, அடுத்த மாதம் தன் பிள்ளையின் பிறந்தநாளை நினைத்துப் பயப்படுகிறார். ஒரு நல்ல கேக் இன்று கூலி வேலை செய்கிறவரின் ஒருநாள் உழைப்பை விழுங்கிவிடும். 2022இல் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற குடும்பங்கள் பல அந்தக் கடனில் இருந்து இன்னும் முழுதாக எழும்பவில்லை.

"எங்கட சல்லி, எங்கட பிள்ளை, நாங்க செய்றோம்" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயம்தான். உங்கள் வீட்டில் எத்தனை கேக் வேண்டுமானாலும் வெட்டுங்கள், உறவினரைக் கூப்பிடுங்கள். வகுப்பறை அப்படியல்ல. கடைக்காரரின் பிள்ளையும் தோணிக்குப் போகிறவரின் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிற இடம் அது. வெள்ளைச் சீருடை போடுவதே அந்த வித்தியாசம் தெரியக்கூடாது என்பதற்காகத்தானே? சீருடையால் மறைத்ததைக் கேக்கால் காட்டிக்கொடுக்கலாமா?

அப்படியென்றால் பள்ளிக்கூடத்தில் பிறந்தநாளையே தடைசெய்வோம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அதிலும் எங்களுக்கு உடன்பாடு இல்லை. தான் பிறந்ததற்காக நாலு பேர் சந்தோசப்பட்டார்கள் என்ற நினைவு ஒரு பிள்ளைக்கு மிகப்பெரிய பலம். வீட்டில் அது கிடைக்காத பிள்ளைகளுக்கு வகுப்பில்தான் கிடைக்க வேண்டும்.

எங்கள் யோசனை சின்னது. வகுப்புக்குள் கேக்கும் பரிசும் வேண்டாம். தலைக்கு ஒரு டொபி, அதற்கு மேல் இல்லை. அதுவும் முடியாத பிள்ளைக்கு வகுப்பு அலுமாரியில் ஒரு டொபிப் போத்தல் எப்போதும் இருக்கட்டும். வசதியுள்ள பெற்றார் பேர் சொல்லாமல் அதை நிரப்பலாம். காலையில் இடாப்புக் கூப்பிடும்போது டீச்சர் பேரைச் சொல்லட்டும், வகுப்பு முழுவதும் அந்தப் பிள்ளைக்காக துஆச் செய்யட்டும். படம் எடுத்துக் குழுவில் போட வேண்டாம்.

அடுத்த பெற்றார் கூட்டத்திலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். எல்லா வகுப்பும் ஒன்றாக முடிவெடுத்தால் எந்த உம்மாவுக்கும் சங்கடம் வராது. உங்கள் கருத்தையும் கீழே எழுதுங்கள், மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள்.

அடுத்த தவணையில் கேக்குக்குப் பயந்து ஒரு பிள்ளையும் வீட்டில் நிற்காதிருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.