அழ விடுங்கள்

2018ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி ஈஸ்டர் பண்டிகை. அன்று காலை நான் இனயத்தில் இருந்தேன். பூசை முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். கோயில் முற்றத்து நிழலில் ஒரு பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இனயத்துப் பெண்தான், கட்டிக்கொடுத்தது ஆற்றுக்கு மேற்கே, தூத்தூர்ப் பக்கம். பண்டிகைக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பட்டணத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் அவளிடம் குனிந்து, "ஈஸ்டரும் அதுவுமா அழலாமா அம்மா? ஆண்டவர் உயிர்த்துவிட்டாரே! சந்தோஷமாக இருக்கவேண்டிய நாள் இல்லையா?" என்றார். நல்ல மனிதர். குரலில் கனிவு இருந்தது. கையில் ஒரு கேக் பொட்டலமும் இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க வீட்டுல ஒருத்தர் செத்தா அடக்கம் நடக்கும் சார். எங்களுக்கு அதுவும் நடக்கல்ல. அவருக்க போனுக்கு இப்பவும் நான் ரூவா போட்டுட்டுதான் இருக்கேன்" என்றாள்.

பெரியவர் பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார். போகிறபோது என் காதோடு, "விசுவாசம் போதாது" என்றார்.

அந்த இரண்டு வார்த்தைகளோடுதான் எனக்குச் சண்டை. அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும், தைரியம் வரவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லவேண்டும். நாம் புயலின் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறவர்கள். 2017 நவம்பர் 30ஆம் தேதி குமரிக் கடலில் ஒக்கிப் புயல் அடித்தது. பெயர் வைத்தது வங்கதேசம். வங்காள மொழியில் அந்தச் சொல்லுக்குக் கண் என்று அர்த்தம். அன்று அந்திரேயாவின் திருநாள். இராயப்பரின் தம்பி, அவரும் ஒரு வலைக்காரர். நான்காம் நாள், டிசம்பர் 3, கோட்டாற்றுச் சவேரியாரின் திருநாள். 1544இன் கடைசி மாதங்களில் இந்தக் கரை வழியே நடந்து, பல்லாயிரம் முக்குவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். ஊர் தன் சொந்தப் புனிதர்களைக் கொண்டாடவேண்டிய வாரத்தில், கடலுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

முந்தின நாள் போன சிறுபடகுக்காரர்களும் இருந்தார்கள். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறா பிடிக்கிற தூத்தூர் வட்டாரத்து விசைப்படகுக்காரர்களும் இருந்தார்கள். இவர்கள் நின்றிருந்த தூரத்துக்குக் கரையின் வயர்லெஸ் எட்டாது. தப்பி வந்தவர்கள் மற்றவர்களைத் தேடித் தங்கள் படகுகளிலேயே மறுபடியும் போனார்கள். சில உடல்கள் கிடைத்தன. பல கிடைக்கவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் தேதிச் சுனாமி இதே மாவட்டத்தில் குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் வாரிக்கொண்டு போயிற்று. அப்போதாவது குழி வெட்டிப் புதைக்க முடிந்தது. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று வெள்ளையடித்து மெழுகுவத்தி ஏற்ற ஓர் இடம் இருந்தது. ஒக்கியின் விதவைகளில் பலருக்கு அதுவும் இல்லை. மற்றவர்கள் பூவும் திரியும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, இவள் எங்கே போவாள்?

சட்டம் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம், 108ஆம் பிரிவு. ஒருவரைப் பற்றி அவருடைய சொந்தக்காரர்களுக்கே ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்கவேண்டும். அரசாங்கம் ஏழு வருஷம் காத்திருக்கச் சொல்லாமல் விதியைத் தளர்த்தி, 20 லட்ச ரூபாய் கொடுத்தது. அது நியாயமான காரியம்; குறை சொல்லமாட்டேன். ஆனால் பணத்தை வாங்கக் கையெழுத்துப் போடுகிறவள், தன் புருஷன் செத்துவிட்டான் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறாள் அல்லவா? ராத்திரி அதே கையால் அவன் போனுக்கு ரூபாய் போடுகிறாள். 2024 நவம்பரோடு அந்த ஏழு வருஷமும் முடிந்துவிட்டது. சட்டத்தின் சந்தேகம் தீர்ந்தது. அவளுடையது தீர்ந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான், வசந்தம் வந்துவிட்டது, அழாதே என்கிறோம்.

ஈஸ்டர் வசந்த காலத்துப் பண்டிகை என்பது உண்மைதான். மார்ச் 21ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ வருகிற பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்று கணக்கு. பனி உருகி, பட்ட மரம் துளிர்க்கிற தேசங்களில் இந்தப் பொருத்தம் அழகாக இருக்கும். அந்தத் தேசங்களிலிருந்து லில்லிப் பூ போட்ட வாழ்த்து அட்டைகளும், முட்டையும் முயலும், அவற்றோடு ஒரு வேதாந்தமும் நமக்கு இறக்குமதியாகி இருக்கின்றன. குளிர் போய்ப் பூ வருவதுபோல, சாவு போய் வாழ்வு வரும். துக்கம் ஒரு பருவம், தானாகவே மாறிவிடும் என்பது அந்த வேதாந்தம்.

இனயத்தில் உருகுவதற்குப் பனி ஏது? இங்கேயும் பங்குனிக் கடைசியில் கொன்றை பூத்துக் கொட்டும். சித்திரை விஷுவுக்கு உள்நாட்டு வீடுகளில் கணி வைப்பார்கள். கொல்லாமரம் பழுத்து மணக்கும். ஆனால் கடற்கரைக்கு அது வேறு காலம். தெற்கே, இந்து மகாசமுத்திரத்தின் தென்கோடியில் எங்கேயோ அடித்த புயலின் அலை, நாட்கள் கழித்து, காற்றும் மழையும் இல்லாத வெயிலில் வந்து வீட்டுக்குள் ஏறும். கள்ளனைப்போல வருவதால் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். நம் கரைக்காரர்களின் இந்தச் சொல்லை 2012இல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்டது. நான் சொல்லும் ஈஸ்டர் முடிந்து மூன்று வாரத்தில் கள்ளக்கடல் வந்தது. 2024 மே 6ஆம் தேதி, கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில், ஐந்து மருத்துவ மாணவர்களை இதே பருவத்துக் கடல் கொண்டுபோயிற்று.

ஆகவே, வசந்தத்தைக் காட்டி எங்களுக்கு ஆறுதல் சொல்லவேண்டாம். எங்கள் வசந்தம் அவ்வளவு யோக்கியமானது இல்லை. பருவம் மாறுவதுதான் நம்பிக்கை என்றால், அடுத்த பருவத்தில் அந்த நம்பிக்கையும் உதிர்ந்துபோகும். துளிர்க்கிற மரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட எந்த விசுவாசமும் வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும்.

அப்படியானால் வேதம் என்ன சொல்கிறது? அழாதே என்று சொல்கிறவர்கள், சின்னப்பர் தெசலோனிக்கேயருக்கு எழுதிய நிருபத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதை அவர்கள் கவனித்துப் படித்ததில்லை என்றே தோன்றுகிறது. நம்பிக்கையற்றவர்கள் துக்கிப்பதுபோல் துக்கிக்கவேண்டாம் என்கிறாரே தவிர, துக்கிக்கவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. லாசரின் கல்லறைக்கு முன்னால் நின்ற இயேசுவுக்கு, இன்னும் சிறிது நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரியும். தெரிந்தும் அழுதார். அவருக்கும் விசுவாசம் போதவில்லை என்று நம் பெரியவர் சொல்லுவாரா?

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. அருளப்பரின் சுவிசேஷத்தில் முதல் ஈஸ்டர் காலையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அங்கே பூவும் இல்லை, பாட்டும் இல்லை. உடல் காணாமல் போய்விட்டது என்று ஒரு பெண் அழுகிறாள். எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை என்பதுதான் மதலேன் மரியாளின் புகார். எடுத்துக்கொண்டு போய் மரியாதை செய்ய ஓர் உடல் வேண்டும் என்பதுதான் அவள் விண்ணப்பம். இராயப்பரும் மற்றச் சீஷரும் ஓடி வந்தார்கள், குனிந்து பார்த்தார்கள், துணி கிடப்பதைக் கண்டார்கள், வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். அவள் மட்டும் போகவில்லை. நின்று அழுதாள். உயிர்த்தவரை முதலில் கண்டது யார்? விசாரணையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன ஆண்பிள்ளைகளா? நின்று அழுத அவள் அல்லவா? ஏன் அழுகிறாய் என்று அவளைக் கேட்டார்கள். அழாதே என்று அதட்டவில்லை. பிறகு அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கண் தெரிந்தது.

ஈஸ்டர் அன்று இனயத்துக் கோயில் முற்றத்தில் அந்த மரியாளின் இடத்தில் இருந்தவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் விசுவாசம் போதாது என்று சொன்னார்கள்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காவது இது புது விஷயமாக இருக்கக்கூடாது. வீரமாமுனிவர் அன்னை அழுங்கல் அந்தாதி என்று தனியாக ஒரு நூலே பாடி வைத்தார். தேவமாதா மகனுக்காக அழுகிற அழுகைதான் அதன் பொருள். தபசு காலத்தில் ஊர்தோறும் வியாகுலப் பிரசங்கம் வாசித்து, ஜனங்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுத பழக்கம் நம்முடையது. நம் பாட்டிமார்களுக்கு ஒப்பாரியும் ஜெபமும் வேறு வேறாக இருக்கவில்லை. புன்னகையோடு துக்கம் காக்கவேண்டும் என்கிற நாகரிகம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அழுகைச் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டால் கௌரவக் குறைவு என்று நினைக்கிற நம் நடுத்தர வர்க்கத்துக் கூடங்களிலிருந்து வந்தது அது. சுவிசேஷத்தின்மேல் அந்தப் பழியைப் போடக்கூடாது.

சி. எஸ். லூயிஸ் என்ற ஆங்கில எழுத்தாளரின் கதை சிலருக்குத் தெரிந்திருக்கும். 1940இல், கடவுள் ஏன் வேதனையை அனுமதிக்கிறார் என்று தர்க்க சுத்தமாக ஒரு புத்தகம் எழுதினார். 1960இல் மனைவி இறந்தாள். அடுத்த வருஷம் வேறொரு புத்தகம் வந்தது. கடவுளோடு நேருக்கு நேர் சண்டை போடுகிற துக்கக் குறிப்பு. அதைத் தன் சொந்தப் பெயரில் அவர் வெளியிடவில்லை. அவர் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. ஆனால் முதல் புத்தகத்தின் தர்க்கம் தன் சொந்த வீட்டுச் சாவுக்குப் போதவில்லை என்று கண்டார். மற்றவர் வீட்டுச் சாவுக்கு மட்டும் அது எப்படிப் போதும்?

இனி இன்னொரு கட்சிக்காரர். இவர் முற்போக்கு நண்பர். இதுவரை நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்பார். முடிவில், "அதனால்தான் சொல்கிறேன், இந்த ஜெபமாலையை உருட்டுகிறவரைக்கும் இவர்கள் வாயில்லாப் பூச்சிகள்தான்" என்பார். இவரும் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. தன் புத்தகத்தைத்தான் பார்க்கிறார். 2017 டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறையில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்த ஆயிரக்கணக்கானவர்கள் யார்? காணாமல் போனவர்களைத் தேடு என்று நள்ளிரவுவரை ரயிலை மறித்தவர்கள், ஜெபமாலையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டா போனார்கள்? 2016 ஜூலையில் இனயத்தில் பெரிய துறைமுகம் கட்ட மத்திய மந்திரிசபை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தபோது எதிர்த்து நின்றதும், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத இதே ஜனங்கள்தான். திட்டம் கடைசியில் இனயத்தை விட்டு நகர்ந்தது. ஒவ்வொரு பட்டியலும் ஒவ்வோர் எண்ணிக்கை சொன்னபோது, எங்களுக்கு எண்ணிக்கை வேண்டாம், ஆட்கள் வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள். ஆண்டவர் மரியாளைப் பெயர் சொல்லித்தானே கூப்பிட்டார்? அந்தப் பாடம் அவர்களுக்குத் தெரியும். நண்பருக்குத்தான் தெரியாது.

அப்படியானால் நம்பிக்கை எங்கே இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். நானும் ஜெபம் சொல்கிறவன்; கையை விரித்துவிட்டுப் போக முடியாது.

அருளப்பர் கடைசி அதிகாரத்தில் எழுதியிருப்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு இராயப்பர், மீன் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்புகிறார். துணைக்கு ஆறு பேர். இரவெல்லாம் ஒன்றும் கிடைக்கவில்லை. விடிகிற நேரம் கரையில் ஒருவர் நிற்கிறார். கரியில் தீ மூட்டி, மீன் சுட்டு, அப்பமும் வைத்திருக்கிறார். களைத்து வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். உபதேசம் அப்புறம்தான். இந்தக் கரையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இதற்கு வியாக்கியானம் தேவையில்லை. அவர் கையில் ஆணித் தழும்பும் அப்படியே இருந்தது. உயிர்த்த உடம்பிலும் காயம் மறையவில்லை. காயம் மறைந்தால்தான் விசுவாசம் என்று நாம் ஏன் சட்டம் போடுகிறோம்?

அந்தப் பெண்ணை நான் முந்தின இரவே பார்த்திருந்தேன். நள்ளிரவுப் பாஸ்கா பூசையில், விளக்கெல்லாம் அணைத்திருந்த இருட்டில், புதுத்தீயிலிருந்து ஏற்றிய திரி கைக்குக் கை மாறி வந்தது. பக்கத்தில் நின்ற கிழவியின் திரியில் அவள் தன் திரியைப் பற்றவைத்தாள். காற்றடித்தது, கையால் மறைத்துக்கொண்டாள். அழுதுகொண்டேதான் பிடித்திருந்தாள். கடலை விட்டுப் போகவில்லை, கோயிலை விட்டுப் போகவில்லை, அழுகையையும் விடவில்லை. இதைவிட எவ்வளவு விசுவாசம் வேண்டும் என்று கேட்கிறீர்கள்?

பெரியவரே, அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கேக்கை அப்புறம் கொடுக்கலாம். அவள் புருஷனின் பெயர் என்ன என்று கேளுங்கள். அவள் சொல்லுவாள்.