ஒரு வேளை ராத்திரிச் சோறு

2019 ஜூன் என்றதும் நமக்கு லாரித் தண்ணீர்தான் ஞாபகம் வருகிறது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. மாதக் கடைசியில் ஹாலிவுட் நடிகர் லியனார்டோ டிகாப்ரியோ நம் ஊர்க் கிணற்றுப் படம் ஒன்றை இன்ஸ்டாகிராமில் போட்டு, இனி மழைதான் சென்னையைக் காப்பாற்ற வேண்டும் என்று பகிர்ந்தார். அதை எத்தனை பேருக்கு அனுப்பினோம்! கடல் கடந்து எங்கோ இருக்கிற ஒரு பணக்காரருக்கு நம் காலிக் குடம் கண்ணில் பட்டதே என்று வேதனைக்கு நடுவிலும் ஒரு பூரிப்பு.

அதே ஜூனில் பீகாரின் முசாபர்பூரிலும் அக்கம்பக்கத்து மாவட்டங்களிலும் 150-க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப்போனார்கள். பெரும்பாலும் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள். ராத்திரி படுக்கும்போது நன்றாக இருந்த பிள்ளை, விடியற்காலையில் கைகால் வெட்டி இழுத்துக் கண் செருகிக் கிடக்கும். அங்கே அதற்குப் பெயர் ‘சம்கி புகார்’. அந்தச் சமயத்தில் நாம் என்ன செய்தோம் என்று கேட்டால், சொல்ல ஒன்று இருக்கிறது. ‘லிச்சிப் பழம் வாங்காதீர்கள், மூளைக்காய்ச்சல் வருகிறதாம்’ என்று குடும்ப குரூப்பில் ஃபார்வர்டு செய்தோம். நம் பிள்ளைகளை நினைத்துத்தான்.

நம் பிள்ளைகளுக்கு அந்தப் பழத்தால் ஒரு கேடும் வந்திருக்காது. காரணத்தைத் துப்புத் துலக்கியவர்களில் ஒருவரே நம் வேலூர்க்காரர். சி.எம்.சி.யில் வைரஸ் நோய்த்துறையை வளர்த்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான், பணி ஓய்வுக்குப் பிறகு முசாபர்பூருக்குப் போனார். இது தொற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்குகிறது என்று நச்சியல் நிபுணர் முகுல் தாஸோடு சேர்ந்து 2014-லேயே எழுதினார். அந்த ஆண்டு மே கடைசியிலிருந்து ஜூலை பாதிவரை அங்கே இரண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்ட 390 பேரில் 122 பேர் இறந்தார்கள். அவர்களை வைத்து நடந்த ஆய்வு 2017-ல் லான்செட் குழுமத்தின் இதழில் வெளியானது. லிச்சித் தின்றது, முந்தின ராத்திரி சாப்பிடாதது என்ற இரண்டையும் அது சேர்த்துச் சுட்டியது.

விஷயம் இதுதான். சாப்பிடாமல் தூங்கினால், ஈரல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையை எடுத்து உடம்பு விடியும்வரை ஓட்டிவிடும். அந்தக் கையிருப்பு தீர்ந்தால் கொழுப்பை எரிக்கப் போகும். லிச்சியில் இருக்கிற ஒரு நச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. சவலைப் பிள்ளையின் ஈரலில் கையிருப்பு சொற்பம். தோப்பில் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டு, வீட்டில் சோறில்லாமலோ, சோறு வேண்டாமென்றோ படுத்த குழந்தையின் மூளைக்கு நாலு மணிவாக்கில் எரிபொருள் தீர்ந்துபோகிறது. வயிறார உண்ட குழந்தைக்கு லிச்சி வெறும் பழம். 2019-ல் கடும் வெயிலும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எல்லாச் சாவுக்கும் லிச்சிதானா என்ற விவாதமும் நடந்தது. செத்தவர்கள் யார் என்பதில் மட்டும் விவாதமே இல்லை. ஊட்டமில்லாத பிள்ளைகள், பெரும்பாலும் தலித், பிற்பட்ட சாதிக் கூலிக் குடும்பங்கள்.

தடுக்க ஒரு வேளை ராத்திரிச் சோறு. வந்துவிட்டால், சர்க்கரை அளவைச் சட்டென்று பார்க்க ஒரு கருவி, நரம்பு வழியாக ஏற்றப் பத்து சதவீத குளுக்கோஸ். அந்தக் கருவி நம்மில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. டிவி ஸ்டாண்டில் அப்பாவின் சுகர் மிஷின், மாமியாருக்குத் தனியாக ஒன்று. வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு என்று நம் காலைப் பேச்சே அதில்தான் தொடங்குகிறது. சர்க்கரை ஏறுவதைப் பார்க்க நாம் வைத்திருப்பது, சர்க்கரை இறங்கிய பிள்ளைக்கு அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்க வேண்டும்.

தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் நமக்கு வழியில்லை. பசித்த பிள்ளையைப் பற்றி இந்தியாவிலேயே அதிகம் தெரிந்தவர்கள் நாம். 1956-ல் காமராஜர் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். விரித்த திட்டத்தை மேடைக்கு மேடை சொல்லிப் பூரித்தவர்கள். பள்ளிக்கூடத்தில் சத்துணவுத் தட்டேந்திய தலைமுறையின் பிள்ளைகள்தான் இன்று அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். அங்கே என்ன தேவைப்பட்டது என்பதை ஊகிக்க நமக்கு ஆராய்ச்சிக் கட்டுரைகூட வேண்டியதில்லை.

ஆனால் நம்மிடம் தயாராக ஒரு பதில் இருந்தது: ‘அவங்க ஊர் அரசாங்கம் என்ன பண்ணுது?’ கூடவே இன்னொரு கணக்கும் நமக்கு மனப்பாடம். நாம் வரியாகக் கட்டும் ரூபாயில் நமக்குத் திரும்புவது சில பைசாக்கள்தான், மிச்சம் வடக்கே போகிறது. அந்த மனக்குறையில் நியாயம் உண்டு; டெல்லியோடு அந்தச் சண்டையைத் தொடரத்தான் வேண்டும். ஆனால் நிதிக்குழுவோடு நமக்குள்ள வழக்குக்கும் சாப்பிடாமல் தூங்கப்போன ஐந்து வயதுப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தமில்லாத இடத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்தி, மனசாட்சியை வரிக்கணக்கால் மூடிக்கொண்டோம். 2015 வெள்ளத்தில் நாம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது இதே பீகார் அரசு தமிழ்நாட்டுக்கு ஐந்து கோடி ரூபாய் அறிவித்தது. ‘அவங்க ஊர் அரசாங்கம் என்ன பண்ணுது’ என்று அவர்கள் கேட்டிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

பீகார் தூரம் என்பதும் பாதிப் பொய். நம் மேம்பாலத்துக்குக் கம்பி கட்டுகிறவர்கள், மெட்ரோவுக்குக் குழி தோண்டுகிறவர்கள், திருப்பூரில் பனியன் மடிக்கிறவர்கள் என்று பீகார்க்காரர்கள் நம் ஊரெங்கும் இருக்கிறார்கள். எந்த மாவட்டம், வீட்டில் யார் யார் என்று கேட்கிற வழக்கம் நமக்கு இல்லை. ‘வடக்கன்ஸ்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்த ஜூனில், தகரக் கொட்டகையிலிருந்து ஊருக்குப் போன் போட்டு ‘பிள்ளை சாப்பிட்டதா’ என்று விசாரித்த தகப்பன்மார் நம் தெருவிலேயே இருந்திருக்கக்கூடும். நாம் அப்போது லாரி வருகிற நேரத்தை விசாரித்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 18 அன்று நாம் புதிதாகத் தேர்ந்தெடுத்த எம்.பி.க்கள் ‘தமிழ் வாழ்க’ என்று முழங்கிப் பதவியேற்றார்கள். சிலிர்த்தோம். சிலிர்த்ததில் தப்பில்லை. எங்கள் ஊர் டாக்டர் கண்டுபிடித்துச் சொல்லி ஐந்து வருஷமாகிறதே, அது என்ன ஆயிற்று என்று சபையில் கேளுங்கள் என அவர்களில் ஒருவருக்காவது ஒரு தபால் கார்டு போட்டிருக்கலாம். காசு கொடுப்பது அடுத்த கட்டம். காசில்லாத வேலையைக்கூட நாம் செய்யவில்லை.

‘கொடுத்தால் மட்டும் போய்ச் சேருமா?’ என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. பணம் போய்ச் சேராமல் போவதுண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த விஷயத்தில் எது பலிக்கும் என்பது ஏற்கெனவே நிரூபணமாகியிருந்தது. 2014-க்குப் பிறகு பிள்ளைகளை வெறும் வயிற்றோடு படுக்கவிடாதீர்கள் என்ற அறிவுரை ஊர்களுக்குப் போனது. ஆஷா, அங்கன்வாடிப் பெண்கள் வீடு வீடாக எடுத்துச் சொன்னார்கள். சில வருஷம் சாவு மளமளவென்று குறைந்தது. 2019 தேர்தல் வருஷம். அந்த வேலை சுணங்கிவிட்டது என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின. மருந்து மாறவில்லை, நோயும் மாறவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கண்கள்தான் வேறு பக்கம் திரும்பின. அங்கே தொடர்ந்து ஒரு கண் வைத்திருக்க, படித்தவர்களும் வசதியுள்ளவர்களுமான நாம் எத்தனை கோடிப் பேர் இருந்தோம்!

அடுத்த வருஷம் சாவு மறுபடி வெகுவாகக் குறைந்தது. அந்தச் செய்தியையும் நாம் படிக்கவில்லை.