கட்டையைச் சொல்லும் கம்ப்யூட்டர் விரலைச் சொல்லுமா?

என் அம்மா எண்பதுகளின் கடைசியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் ஹையர் பாஸ் செய்தவர். இன்றும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கீபோர்டைப் பார்க்காமல் பத்து விரலாலும் டைப் செய்வார். நான் பி.இ. படித்து ஆறு வருடமாக சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். எனக்கு இன்னும் நான்கு விரல்தான். அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. 'ஏ' என்ற எழுத்தைச் சுண்டு விரலால் அடித்தாலும் ஆள்காட்டி விரலால் அடித்தாலும் திரையில் வருவது அதே 'ஏ' தான்.

இந்தப் பழக்கத்தோடு பியானோ பக்கம் போனதுதான் நான் செய்த தவறு. கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு, "இதை வைத்துப் பியானோ கற்றுக் கொள்ளலாமா?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருக்கலாம். கற்றுக் கொள்ளலாம். ஆனால் கம்ப்யூட்டர் எதைச் சொல்லித் தரும், எதைச் சொல்லித் தராது என்பதை முதலில் தெரிந்து கொள்ளுங்கள். எனக்கு அது தெரிய ஐந்து மாதம் ஆயிற்று.

இந்த வகை சாப்ட்வேரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யூ.எஸ்.பி. கேபிளில் ஒரு மிடி கீபோர்டை இணைக்க வேண்டும். திரையில் மேலிருந்து வண்ணப் பட்டைகள் விழும். பட்டை கீழே வந்து தொடும் நேரத்தில் அதற்குரிய கட்டையை அழுத்தினால் பச்சை, தவறினால் சிவப்பு. கடைசியில் மதிப்பெண். வீடியோ கேம் போலவே இருப்பதால் விட மனம் வராது. நான் பாஹ் எழுதிய முதல் இன்வென்ஷனை இப்படித்தான் கற்றேன். இரண்டு பக்கம்தான். ஆனால் இரண்டு கைகளும் தனித்தனியாகப் பேசிக் கொள்ளும் இசை அது. புதியவர்களுக்குக் கடினம்தான். ஐந்தாவது மாதம் 97 மதிப்பெண் வாங்கினேன்.

அந்தத் தைரியத்தில் பக்கத்துத் தெருவில் பியானோ சொல்லித் தரும் ஆசிரியை ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "சுரம் எல்லாம் சரி தம்பி. ஆனால் டைப் அடிப்பது மாதிரி இருக்கிறது" என்றார்.

ஏன் அப்படி ஆயிற்று என்று பார்ப்போம். பியானோவில் விரல்களுக்கு எண் உண்டு. கட்டை விரல் 1, ஆள்காட்டி விரல் 2, நடு விரல் 3, மோதிர விரல் 4, சுண்டு விரல் 5. இரண்டு கைகளுக்கும் இதே எண்கள்தான். நோட்ஸ் தாளில் சுரத்தின் தலையில் சின்னதாக அச்சிட்டிருப்பது இந்த எண்ணே. லெகாட்டோ என்றால் ஒரு சுரம் முடியும் இடத்திலேயே அடுத்தது தொடங்க வேண்டும், நடுவில் ஓட்டை விழக் கூடாது. ஒரு விரல் கட்டையைப் பிடித்துக் கொண்டிருக்கும்போதே அடுத்த விரல் அடுத்த கட்டையின் மேல் தயாராக நின்றால்தான் இது நடக்கும். ஒரே விரலால் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை அழுத்தினால் நடுவில் கையைத் தூக்கியே ஆக வேண்டும்.

இன்வென்ஷனின் தொடக்கத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 'சி' கட்டையை ஷட்ஜமாக வைத்தால் வலது கை வாசிப்பது ச ரி க ம ரி க ச ப. வழக்கமான விரல்கள் 1 2 3 4 2 3 1 5. கை இருந்த இடத்திலேயே இருக்கிறது, சுகமாக இருக்கிறது. ஆனால் அடுத்து வருவது மேல் ச, நி, மேல் ச, மேல் ரி. பஞ்சமத்தில் சுண்டு விரலை வைத்துவிட்டீர்கள். இனி மேலே போக விரலே இல்லை. கை தாவ வேண்டும். அந்த நீளமான சுரங்களைத் தனித்தனியாக விட்டு வாசிப்பவர்களுக்கு இது தவறில்லை. அங்கே தாவலே ஒரு மூச்சு போல ஆகிவிடும். சேர்த்து வாசிக்க விரும்பினால் பஞ்சமத்தில் 2-ஐ வைத்து, மேலே 4 3 4 5 என்று போகலாம். பஞ்சமத்துக்கு எந்த விரல் என்பதை நான்கு சுரம் தள்ளி இருக்கும் மேல் ரிஷபம் முடிவு செய்கிறது. இசை வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் விரலைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. 1723-ல் இந்தத் தொகுப்பின் முகப்பில் பாஹ், பாடுவது போல வாசிக்கும் முறையைப் பழகுவதை முக்கிய நோக்கமாக எழுதி வைத்தார். நான் முகப்பைப் படிக்கவில்லை. பட்டைகளைத்தான் பார்த்துக் கொண்டிருந்தேன்.

சாப்ட்வேர் ஏன் கண்டுபிடிக்கவில்லை? அதற்குத் தெரிய வழியில்லை. மிடி என்பது 1983-ல் வந்த ஏற்பாடு. நடு 'சி' கட்டையை அழுத்தினால் கேபிளில் போவது மூன்றே எண்கள். உதாரணமாக 144, 60, 80. முதல் எண் 'அழுத்தப்பட்டது' என்கிறது. இரண்டாவது எந்தக் கட்டை, மூன்றாவது எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பது. விரலுக்கு இதில் இடமே கிடையாது. சில சாப்ட்வேர்கள் பட்டையின் மேல் விரல் எண்ணைக் காட்டுகின்றன. ஆனால் நீங்கள் மூக்கால் அழுத்தினாலும் கேபிளில் போகும் செய்தி மாறாது. மியூஸ்ஸ்கோர் என்ற இலவச சாப்ட்வேரில் சுரத்தின் மேல் 1 என்று எழுதுங்கள், பிறகு 5 என்று மாற்றுங்கள். பிளே பட்டனை அழுத்தினால் இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். கம்ப்யூட்டருக்கு விரல் இல்லை, அதனால் விரல் கஷ்டமும் இல்லை!

கடினமான இசைக்குப் போகப் போக இந்த ஓட்டை பெரிதாகிறது. ஷோபான் 1833-ல் வெளியிட்ட ஓபஸ் 10 எட்யூட்களில் இரண்டாவதைப் பாருங்கள். வலது கையின் 3, 4, 5 ஆகிய பலவீனமான விரல்கள் ஒன்றன் மேல் ஒன்று தாண்டிக்கொண்டே அரைச்சுர வரிசையில் ஓட வேண்டும். அதே கையின் 1-ம் 2-ம் கீழே ஸ்வரக் கூட்டுகளை வாசிக்க வேண்டும். அந்த வரிசை முழுவதும் லெகாட்டோ. ஷோபானே கிட்டத்தட்ட ஒவ்வொரு சுரத்துக்கும் விரல் எண் எழுதியிருக்கிறார். ஏனென்றால் அந்த விரல்கள்தான் அந்தப் பயிற்சியே. மாறாக, ஷோபானின் நினைவுக்கு அர்ப்பணித்த தன் 1915 எட்யூட்களில் டெபுஸி ஒரு எண்கூடப் போடவில்லை. ஒவ்வொருவர் கையும் வேறு, அவரவர் விரலை அவரவரே தேடுங்கள் என்பது அவர் கருத்து. இருவருமே விரலைச் சாதாரணமாக நினைக்கவில்லை.

அப்படியானால் கம்ப்யூட்டரை ஓரம் கட்ட வேண்டுமா? வேண்டாம். மதிப்பெண் சாப்ட்வேரை நான் நீக்கிவிட்டேன். மிடி கீபோர்டை வைத்திருக்கிறேன். ஏதாவது ஒரு இலவச ரெக்கார்டிங் சாப்ட்வேரில், உதாரணமாக எல்.எம்.எம்.எஸ்., நீங்கள் வாசிப்பதைப் பதிவு செய்யுங்கள். பிறகு பியானோ ரோல் என்ற பகுதியைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு சுரமும் ஒரு கோடாகத் தெரியும். லெகாட்டோவில் கோடுகள் ஒன்றை ஒன்று தொடும், கொஞ்சம் மேலே ஏறியும் நிற்கும். கை தாவிய இடத்தில் வெள்ளை இடைவெளி விழும். குவாண்டைஸ் என்ற வசதியை மட்டும் தொடாதீர்கள், அது உங்கள் தவறுகளை ஒழுங்குபடுத்தி மறைத்துவிடும்.

எனக்குப் பெரிய அதிர்ச்சி பெடலில் வந்தது. வலது பெடலை மிதித்தால் கையை எடுத்த பிறகும் சுரம் ஒலித்துக் கொண்டிருக்கும், காதுக்குச் சேர்ந்தது போல் தோன்றும். பெடல் தனிச் செய்தியாகப் பதிவாவதால் ரோலில் கோடுகளின் இடைவெளி அப்படியே தெரிகிறது. நான் அழகாகச் சேர்த்து வாசிப்பதாக நினைத்த ஒரு பகுதியில் 16 சுரங்களுக்கு ஒன்பது இடைவெளி. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு விரல் தவறு.

இன்னொரு விஷயம். வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பழகும் வசதியை எல்லோரும் பாராட்டுவார்கள். நல்லதுதான். ஆனால் மெதுவாக வாசிக்கும்போது எந்த விரலும் சரிவரும், தாவ நேரம் இருக்கிறதே! அந்த விரல்கள் உண்மையான வேகத்தில் சிக்கிக் கொள்ளும். அதனால் நான் இப்போது நான்கைந்து சுரங்களை மட்டும் முழு வேகத்தில் ஓரிரு முறை முயன்று, விரலை முடிவு செய்து, தாளில் பென்சிலால் எழுதிய பிறகே மெதுவாகப் பழகத் தொடங்குகிறேன். ஐ.எம்.எஸ்.எல்.பி. வெப்சைட்டில் காப்புரிமை முடிந்த பழைய பதிப்புகள் இலவசமாகக் கிடைக்கும். ஒரே இசைக்கு இரண்டு பதிப்புகளை டவுன்லோடு செய்து விரல் எண்களை ஒப்பிடுங்கள். பல எண்கள் இசையமைப்பாளர் எழுதியவை அல்ல, பதிப்பாசிரியர் சேர்த்தவை. இரண்டும் மாறுபடும் இடத்தில் உங்கள் கைக்கு எது என்று பாருங்கள்.

பழகிய விரலை மறப்பது புதிதாகப் பழகுவதை விடக் கஷ்டம். சாப்ட்வேரை நீக்குவதற்கு முன் புதிய விரல்களோடு ஒரு முறை வாசித்துப் பார்த்தேன். 97 இருந்த இடத்தில் 71 தான் வந்தது. அந்த வாரம் ரோலில் முதல் நான்கு சுரக்கட்டுகளில் ஒரு இடைவெளியும் இல்லை. ஏழாவதில் இடது கை இன்னும் தாவுகிறது. ஆசிரியை அங்கே 4-க்குப் பதில் 3 போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.