தீக்கை வேண்டா, பகிர்வே வேண்டும்!

காஞ்சியிலிருந்து உத்தரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கின்றது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய ஊர். பட்டுத்தறியை நம்பி வாழும் வட்டாரம். அங்குப் பின்னம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், சேலையில் முந்தானை எத்தனையில் ஒரு பங்கு, கரை எத்தனையில் ஒரு பங்கு, கோர்வை நெசவில் ஓடும் மூன்று நாடாக்களில் கரைக்கு எத்தனை, உடலுக்கு எத்தனை என்று தறியை வைத்தே ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறார் என்று கொள்வோம். ஆரணித் தறிகாரர் பிள்ளைக்கும் திருபுவனத்துப் பிள்ளைக்கும் அது நேரே பயன்படும். ஆனால் நடப்பதென்ன? தலைமையாசிரியர் கையெழுத்திட்டதும், அக்குறிப்பேடு ஆண்டிறுதியில் பழந்தாளாகிறது!

ஆகவே, ஆசிரியர் எழுதும் பாடங்கள் எல்லார்க்கும் எட்டுமாறு இணையத் தரவுத்தளம் ஒன்று தேவை என்பதில் நமக்கு மாறுபாடில்லை. அக்களஞ்சியம் யாருடையது என்பதே நம் வினா.

தில்லி ஒன்றைக் கட்டிவைத்திருக்கின்றது. 2017 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற அதன் பெயர் ‘தீக்சா’. அறிவைப் பகிர்வதற்கான மின்னணுக் கட்டமைப்பு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை இழுத்தும் வெட்டியும் எழுத்துகளைக் கோத்து, ஒரு வடசொல் வருமாறு செய்திருக்கின்றனர். உடல் ஆங்கிலம், ஒலி வடமொழி, தமிழுக்கு வாயிற்படியில் இடம்! அச்சொல்லைத் தமிழில் தீக்கை என்பர். தீக்கையில் குரு கொடுப்பான். மாணாக்கன் குனிந்து வாங்குவான். வாங்கியவன் திருப்பித் தருவதும், தந்தவன் அவனிடம் கற்பதும் அங்கில்லை. அதற்கா பகிர்வு என்று பெயர்? 2020 மே திங்களில் ‘ஒரே நாடு, ஒரே மின்னணுத் தளம்’ என்றே நடுவணரசு இதனை அறிவித்தது. ஒரே மொழி என்னும் வரை இந்த ‘ஒரே’ ஓயாது போலும்!

1976இல், நெருக்கடிநிலை இருளில், 42ஆம் சட்டத்திருத்தத்தின் வழியாகக் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு இழுத்தவர்கள் இவர்கள். தில்லியின் திட்டத்திற்கு ஒப்பமிட மறுத்தமைக்காக 2024-25இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குரிய 2,152 கோடி உருபாவை நிறுத்தி வைத்தவர்களும் இவர்களே. பணத்தை நிறுத்தத் தெரிந்தவர்க்குத் தளத்தை நிறுத்த எத்தனை நொடி ஆகும்?

“அதில் தமிழ்ப் பாடமும் உண்டே, மாநிலங்கள் தாமே ஏற்றலாமே” என்பார் உளர். உண்மைதான். 2018இல் வந்த நம் புதிய பாடநூல்களில் அச்சிட்ட விரைவுக் குறியீடுகளே பிள்ளைகளை அத்தளத்திற்குத்தான் அழைத்துச் சென்றன. நெல் நம்முடையது, குதிர் அவர்களுடையது, பூட்டும் அவர்களுடையது. அப்பூட்டின் சீர்மையையும் கேளுங்கள்: 10 இலக்கத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயரும் தொலைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் ஓராண்டுக்கு மேலாகக் காப்பின்றித் திறந்து கிடந்தமை 2023 சனவரியில் வெளிப்பட்டது. இத்தனைக்கும் அத்தளத்தை இயக்கும் மென்பொருள் திறந்த மூலம், எவரும் எடுத்தாளலாம். தில்லியின்றி முடியாது என்பது வெறும் புரட்டு.

தமிழனுக்கு இது புதிதுமன்று. ‘இணையம்’ என்னும் சொல்லையே தந்தவர் சிங்கைத் தமிழர் நா. கோவிந்தசாமி. 1998 பொங்கல் முதல், மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் பல நாடுகளிலிருந்தும் ஊதியமின்றித் தட்டெழுதி நம் நூல்களை வலையேற்றினர். எவர் ஆணைக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

தமிழ்நாட்டரசு 2023இல் ‘மணற்கேணி’ என்னும் செயலியைத் தந்தது. குறளிலிருந்து எடுத்த பெயர், தோண்டுந்தோறும் ஊறுவது. தீக்கைக்கும் கேணிக்கும் உள்ள வேறுபாட்டைப் பெயர்களே சொல்லிவிடும். ஆயினும் நம் அரசையும் கேட்போம்: மேலிருந்து ஊற்றி நிரப்புவது கேணியா, தொட்டியா? மாகறல் ஆசிரியரின் குறிப்பு அதில் ஏறவேண்டும். ஆரணி ஆசிரியர் அதனைத் திருத்தவேண்டும். இருவர் பெயரும் நிற்கவேண்டும். பெயரை ஏன் வற்புறுத்துகிறோம்? சென்னையிலிருந்த ஆண்டுரு பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு தம் பள்ளியில் அம்முறையைக் கையாண்டார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797இல் இலண்டனில் நூலாக்கினார். ‘சென்னை முறை’ இங்கிலாந்தெங்கும் பரவிற்று. பெல்லின் பெயர் நின்றது. திண்ணைப்பள்ளி ஆசிரியன் பெயர் எங்கே?

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒன்று. ‘லெசன் பிளான் அப்லோடு பண்ணிட்டேன்’ என்று தமிழாசிரியரே சொல்லக் கேட்கின்றோம். நாணக்கேடு! பாடக்குறிப்பை ஏற்றினேன் என்றால் நா வலிக்குமா? இம்மொழியில் எழுதிய குறிப்பு எந்தக் களஞ்சியத்தில் கிடந்தாலென்ன?

இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் ஊர்த்தொழிலை வைத்து, நல்ல தமிழில், ஒரேயொரு பாடக்குறிப்பு எழுதி அடுத்த திங்களுக்குள் நமக்கு விடுக்க. பெயருடன் வெளியிடுவோம், எவரும் படியெடுத்துக்கொள்ளலாம். தறியில் பின்னம் முதலில் வரட்டும்.