மாடும் கல்லும்

தென்பெண்ணை நீர் ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் அடிக்கடி நுரைத்துக்கொண்டே இறங்குகிறது. காரணம் நிலத்தின் சரிவு. பெங்களூரு ஒரு நீர்பிரி மேட்டில் அமர்ந்த நகரம். அதன் மேற்குப் பகுதிக் கழிவு அர்க்காவதிக்குப் போகிறது. கிழக்குப் பகுதிக் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணையில் கலக்கிறது. மேட்டில் கழுவிவிட்டதைப் பள்ளத்தில் பயிருக்குப் பாய்ச்ச நேர்வது கொடுமை.

அதே சரிவுதான் இவ்வட்டாரத்தின் வரலாற்றையும் வகுத்தது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில், மைசூர் மேட்டுநிலத்தின் விளிம்பில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதற்கு ஏறத்தாழ 400 மீட்டர் கீழே. ஏறி இறங்கும் வழிகளைக் கோட்டைகள் காத்தன. ராயக்கோட்டை 1791-இல் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படையிடம் விழுந்தது; 1792-இல் கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் முழுவதும் மைசூரை ஆண்ட திப்புவின் கையைவிட்டுப் போனது.

கோட்டைகளுக்கு வெகுமுன்பே இங்கே செல்வம் என்றால் மாடுதான். பாறைமேல் மெல்லிய செம்மண், மழையும் அளவானது. ஏரிப் பாசனம் எட்டிய இடத்தில் நெல், மற்ற இடங்களில் கேழ்வரகு, சாமை, கொள்ளு. எஞ்சிய கரடும் புதர்க்காடும் மேய்ச்சலுக்கு. வறட்சி வந்தால் மாடு தண்ணீரைத் தேடி நடக்கும், பயிர் நடக்காது. ஆனால் நடக்கும் செல்வத்தை எவரும் இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம். ஆநிரைப் பூசல் இங்கே ஓயாமல் நடந்ததும், மாட்டை மீட்கப்போய் மாண்டவனுக்கு ஊரார் நடுகல் நட்டதும் இதனால்தான். மண்ணில் கஞ்சம் காட்டிய நிலம் கல்லைத் தாராளமாகக் கொடுத்தது.

அண்டையிலுள்ள செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல் இதற்கு ஒரு சான்று. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. மாண்ட வீரனோடு கோவிவன் என்ற அவன் நாயும் அதில் நிற்கிறது. அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்ததைக் கல்வெட்டு பதிவு செய்கிறது. ஒரு நாயின் பெயரை 1,400 ஆண்டுகள் காத்துவைத்த ஊர், அது காவல் நின்ற மந்தையை எவ்வளவு பெரிதாக மதித்திருக்க வேண்டும்! காவிரிப் படுகையில் நெல்லின் உபரி கோபுரங்களாக எழுந்தது. மேய்ச்சல் நிலத்தில் ஒற்றைப் பலகைக் கல்லே கோயிலானது. அப்படிப்பட்ட கற்கள் பல இன்றும் வேடியப்பனாகப் பூசை பெறுகின்றன.

இந்த மேய்ச்சல் மரபு ஆங்கிலேயர் காலத்திலும் அறுபடவில்லை. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824-இல் கால்நடைப் பண்ணை தொடங்கியது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பெங்களூரின் அருகாமையும் பழைய படைவழி நெடுஞ்சாலையானதும் ஆலைகளை இழுத்தன. மேய்ச்சல் சுருங்கியது, இந்த மலைப்பகுதிக்கே உரிய ஆலம்பாடி மாட்டினம் அருகிப்போனது.

ஆனாலும் மாட்டின் மேல் ஊராருக்குள்ள பற்று அற்றுப்போகவில்லை. 2023 பிப்ரவரி 2 அன்று, ஓசூர் அருகே கோபச்சந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதால் ஊரார் திரண்டு பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். போக்குவரத்து பல மணி நேரம் முடங்கியது.